ஆலங்கட்டி விழுந்த வயல்

9 ஜனவரி 1983

இன்றும் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சினோம். இவர் மண்வெட்டியை இடது கையில்தான் பிடிக்கிறார். வலது கை சும்மா துணைக்கு. டில்லியில் சாரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கை, இனிச் செங்கல் தூக்காது. கட்டட வேலை போய்த் திண்டாடிய எங்களுக்கு, நஜஃப்கருக்கு அப்பால் இந்தக் கிராமத்தில் சந்த்ரோ மாஜிதான் வேலை கொடுத்தாள். தங்க மோட்டார் கொட்டகையும் கொடுத்தாள். புருஷன் இல்லை, ஒரே மகளையும் ரோத்தக்கில் கட்டிக்கொடுத்துவிட்டாள். இரண்டு ஏக்கரையும் தனியாகப் பார்க்கிறவள்.

குளிர் எலும்புக்குள் போகிறது. இருந்தாலும் தலைக்கு மேல் ஒரு கூரை.

23 ஜனவரி

மாஜி கம்பு ரொட்டியும் கடுகுக் கீரையும் தந்தாள். நம் ஊர்க் கம்புதான். வெண்ணெய் வைத்துத் தின்றது இன்றுதான். இவர் நாலு தின்றார்!

13 மார்ச்

எல்லாம் போச்சு. மத்தியானம் வானம் கறுத்துச்சு, அப்புறம் ஆலங்கட்டி — எலுமிச்சங்காய் பெரிசு. முத்துற நேரத்துல கதிரெல்லாம் ஒடிஞ்சு சேத்துல கிடக்கு. மாஜி வரப்புல உட்கார்ந்துட்டா. அழல. நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். எனக்கு உள்ளுக்குள்ள வேற பயம் — இனி எங்கள எதுக்கு வச்சிருப்பா?

14 மார்ச்

நான் பயந்தபடியே நடந்தது. மாஜி புருஷனின் அண்ணன் வந்து, எங்கள் முன்னாலேயே, "விளைச்சலே இல்ல. இந்த மதராசிகளுக்கு எதுக்கு ரொட்டி? அனுப்பிடு" என்றார்.

மூத்தார் முன்னால் மாஜி முகம் காட்ட மாட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயிருந்தே பேசினாள். "ஜேட்ஜி, ஆலங்கட்டிய இவங்களா கொட்டினாங்க? இருக்கிறதுல பங்கு போட்டுத் தின்போம். இவங்க இருப்பாங்க."

அவர் போய்விட்டார். கொட்டகைக்கு வந்துதான் எனக்கு அழுகை வந்தது.

16 மார்ச்

விழுந்ததை மாட்டுக்கு அறுத்துப் போட்டோம். "உங்க ஊர்ல இப்ப என்ன போடுவீங்க?" என்று மாஜி கேட்டாள். இவர் தமக்குத் தெரிந்த இந்தியில், "பிண்டி போடலாம் மாஜி. பூச்சி வந்தா அதுவும் போயிரும்" என்றார். வெண்டையைத்தான் சொன்னார். "போனா போகட்டும். சும்மா கிடக்கிற நிலத்தப் பார்க்க முடியல" என்றாள். கிடைப்பதில் பாதி எங்களுக்காம். நாங்கள் கேட்கவேயில்லை.

25 மார்ச்

வெண்டை முளைத்திருக்கிறது. இவர் காலையிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டார்.

11 மே

முதல் பறிப்பு. விரலெல்லாம் சுணை. மாஜியே டெம்போவில் ஏறி மண்டிக்குப் போனாள். நல்ல விலை போயிற்றாம். வரும்போது எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். தன் வெறுங்கையால் என் கையை அமுக்கி அமுக்கி அவளே போட்டுவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சுப்! பேசாத. கைய ஆட்டாத, உடைஞ்சிரும்" என்று அதட்டினாள்.

17 ஜூலை

மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது என்று மாஜி ரோத்தக் கிளம்பினாள். திரும்ப ஒரு மாதம் ஆகுமாம். பஸ் நிற்கும் இடம் வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜேட்ஜியும் அங்கே நின்றிருந்தார். அவர் பார்க்க, வீட்டுச் சாவியை என் முந்தானையில் முடிந்துவிட்டு, "வேலம்மா, வீட்டுக்குள்ளயே படுத்துக்குங்க. மழையில கொட்டகை ஒழுகும்" என்றாள்.

எருமை கத்துகிறது. போய்த் தீனி வைக்க வேண்டும்.