பினாங்கில் தேடுகிறவருக்கு

திருமயம்
12-3-1952

என்னைக் கொண்டவருக்கு அமராவதி கும்பிட்டு எழுதுவது.

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நம் மகன் சேவுகனிடமிருந்து கடுதாசி வந்து பதினாலு மாதமாகிறது. நீங்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு ரப்பர் தோட்டம் தோட்டமாக அலைவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மலேயாவில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த செபமாலை அண்ணனை உட்கார வைத்துக் கேட்டேன். அவர் சொன்னதை எழுதுகிறேன், காதில் போட்டுக்கொள்ளுங்கள். மலாய்க்காரர் வீட்டில் எது குடிக்கக் கொடுத்தாலும் வேண்டாமென்று கையை ஆட்டாமல் ஒரு வாயாவது குடிக்க வேண்டுமாம். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள். ஆளைச் சுட்டிக்காட்டினால் ஆள்காட்டி விரல் கூடாது, பெருவிரல்தான். பிள்ளைகளின் தலையைத் தொடவே கூடாதாம். உங்களுக்குத்தான் கை சும்மா இருக்காதே, தெருவில் போகிற பிள்ளையை எல்லாம் தடவுவீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

தினமும் சவரம் செய்துகொள்ளுங்கள். அங்கே காட்டுக்குள் சண்டை நடக்கிறதாம். தாடியும் பையுமாக ஆளைக் கண்டால் போலீஸ் பிடித்து வைத்துவிடுமாம். “மழிச்ச மொகந்தான் அங்கிட்டு பாஸ்போர்ட்டு, தங்கச்சி” என்றார் செபமாலை அண்ணன்.

அவன் இல்லாமல் கப்பல் ஏறாதீர்கள். தனியாக வந்து நின்றால் கதவைத் திறக்கமாட்டேன், ஆமாம்.

அமராவதி


திருமயம்
9-4-1952

கும்பிட்டு எழுதுவது.

இதை வழியில் நின்று படிக்காதீர்கள். நீங்கள் தங்கியிருக்கிற கிட்டங்கியில் நம் ஊர்க்காரர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

கதவைத் திறக்கமாட்டேன் என்று எழுதினேனே, என் கையில் கொள்ளி வைக்க. கதவு நேற்றிலிருந்து திறந்தேதான் கிடக்கிறது.

நேற்று மலேயாத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி நம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். சேவுகனுடைய தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். “மூணே நாள் காச்சல், ஆத்தா. சொல்லி அனுப்ப வெலாசம் தெரியல, ஊரு பேரு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு” என்று அழுதார். பெட்டிக்குள் நீங்கள் கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண் இருந்தது. அறுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

தேடினது போதும். அடுத்த கப்பலில் ஏறிவிடுங்கள். கப்பலில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் வரும். ஆசை தீரத் தலையைத் தடவிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

குளத்தங்கரையில் செய்ய வேண்டியதை நீங்கள் வந்துதான் செய்ய வேண்டும். நாவிதர் குழந்தைசாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் இனி சவரம் செய்யாதீர்கள். போலீஸ் பிடித்தால் எதற்காக என்று சொல்லுங்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே, விட்டுவிடுவார்கள். நீங்களாவது அப்படியே வந்து சேருங்கள், சாமி.

அமராவதி