மாடியில படம் தெரியாம போனது

1-8-2007, புதன்

நாளன்னைக்கு ஆடிப்பெருக்கு, அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பம் வெளியிடணும். பேத்தி செல்வராணி வேலை பாக்குற பிரஸ்ல, கீழ வரையுற டிசைனை முதலாளி மாடி கம்ப்யூட்டர்லதான் பாத்துச் சரி சொல்லணும். அங்கன படமே வரலையாம். வயரைக் கழட்டிக் கழட்டி மாட்டியிருக்காக. இவதான் கண்டுபிடிச்சா. புதுசா ஏத்தின சாப்ட்வேர், வேற கம்ப்யூட்டருக்குப் படம் காட்டுற வழியைத் தானாவே அடைச்சிருக்கு. பழசுல அது திறந்தே இருக்குமாம்.

"கேக்காம அடைக்க அந்த சாப்ட்வேர்காரன் யாருட்டி?"

"கண்டவுக எட்டிப் பாக்கக் கூடாதுல்ல அப்பத்தா, நல்லதுக்குத்தான்."

மாடிக்கு மட்டும் திறந்துவிட்டதும் படம் வந்துருச்சாம். இனிமே யாரும் முழிக்கக் கூடாதுன்னு, திறக்குற விதத்தைத் தாள்ல எழுதி எனக்கு வாசிச்சா. எனக்கே விளங்குச்சு. "அடியில உம் பேரைப் போடுட்டி"ன்னேன். "ஆபீஸ் தாள்ல போடக் கூடாது"ன்னுட்டா.

சரி, இங்கன என் டைரியில நான் போடுதேன். அந்தத் தாளை எழுதினது என் பேத்தி செல்வராணி.