சூடு ஏறுது

செப். 29, திங்கள்

வெயில். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

காலையில் முதல் வேலை, முதலாளியின் பழைய பில் ஃபைல்கள். எந்தக் காலத்திலோ ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிளறிய குப்பை. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச நிரல் ஒன்று கிடைத்தது. எழுதினவர் யாரோ புண்ணியவான், அல்லாஹ் அவருக்கு நல்லதைக் கொடுக்கட்டும். சாப்பாட்டு வேளைக்குள் எல்லாம் தமிழாகிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "அட, படிக்கிற மாதிரி இருக்குதே" என்றார். இத்தனை வருஷம் படிக்காமலா கையெழுத்துப் போட்டார்?

மத்தியானம் அகல் சுடும் சூளை ஷெட். பெட்டி தயார். பெட்டி என்றால் என்ன பெரிய பெட்டி, என் பழைய டிபன் பாக்ஸ். அதற்குள் கையகலக் கம்ப்யூட்டர் போர்டு, அதில் லினக்ஸ், அதன்மேல் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டுச் சின்னச் சூளைக்காக எழுதி ஊருக்கே கொடுத்துவிட்ட நிரல். சூட்டை அளக்கும், கேஸைக் கூட்டும், குறைக்கும். போன மாதம் வரை ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் இந்த வேலையைச் செய்தது. லைசென்ஸ் முடிந்தது, கண்ணை மூடிக்கொண்டது. போன் போட்டால் எடுக்க ஆளில்லை. பூட்டு நம்முடையது, கதவு நம்முடையது, சாவி மட்டும் எவனிடமோ. இதைச் சொன்னால் எனக்குத் திமிர் என்கிறார்கள்.

இந்த நிரலில் நான் சேர்த்தது இரண்டு. ஒன்று, ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழ், அதுவும் திரை நிறைய. "சூடு ஏறுது." "ஆறுது." "கேஸ் மூடியாச்சு." பேச்சுத் தமிழில்தான். படிக்கப்போவது குணா அண்ணன், தமிழாசிரியர் இல்லை. இரண்டு, அளவு கன்னாபின்னாவென்று குதித்தால் கேஸைத் தானே மூடிவிட ஒரு வரி.

எல்லாம் குணா அண்ணனுக்காக. சூளை பார்ப்பவர். சர்க்கரையில் கண் மங்கி, லேசர் வைத்து, இனி நெருப்பு ஓட்டையில் கண்ணை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி இன்று கறாராகச் சொன்னது: "கார்த்திகை அகல் லோடு இது. இது ஒழுங்கா வந்தா குணா சூளையிலேயே இருக்கட்டும். வரலன்னா சென்னைக் கம்பெனிகாரன் சாஃப்ட்வேரோட ஆளும் தரேங்குறான். குணாவ கேட்டுக்கு வாட்ச்மேனா அனுப்பிடுவேன்." அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரை வைத்துக்கொண்டே இப்படியா சொல்வது?

வாங்க: மாமிக்கு மாத்திரை, பெட்டிக்கு மூடி (பழைய மூடி எங்கே போனதென்று தெரியவில்லை).

அக். 1, புதன். ஆயுத பூஜை

காலையிலேயே கழுவல். ஷெட் முழுக்கத் தண்ணீர். வாசலில் வாழைக்கன்று. பெட்டியை நான் உயரத் தூக்கி வைத்திருந்தேன், தண்ணீர் படாமல்.

சூளைக் கதவு, பூச்சு மாவு அரைக்கிற உருளை, தராசு, ஆபீஸ் கீபோர்டு, மவுஸ், என் ஸ்கூட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். குணா அண்ணன் தட்டோடு சுற்றி வந்தார். பெட்டியைத் தாண்டிப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நம்ம பெட்டிய வுட்டுட்டீங்களே!"

"ஐயோ, அதானே! புது மாப்ள ஆச்சே!" என்று திரும்பி வந்து, விரல் நிறையச் சந்தனம் எடுத்து ஒரே அப்பு. மேலே குங்குமம். போட்டோ எடுத்து, சவூதியில் தமாமில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அன்வர் பதில்: "எனக்குக்கூட நீ இவ்ளோ அலங்காரம் பண்ணுனதில்ல."

பொரி, கடலை, வெல்லம், ஒரு பை. வீட்டில் அன்வரின் அம்மா, மாமி, உட்கார்ந்து பாதியைக் காலி செய்துவிட்டார்கள்.

தொழுகை நேரம் காட்டுகிற ஆப்பை இன்று தூக்கி எறிந்தேன். பாங்கு முடிவதற்குள் ரம்மி விளம்பரம். என்ன ஜென்மங்கள்! விளம்பரமே இல்லாத திறந்த மூல ஆப் ஒன்று போட்டாச்சு. பார்க்க அழகில்லை, நேரம் சரியாக இருக்கிறது. எனக்கு அது போதும். டார்ச் அடிக்க என் போன் நம்பர்களை எல்லாம் கேட்கிற ஆப்பும் அவுட்.

அக். 2, வியாழன்

விஜயதசமி. லீவு நாள்தான், ஆனால் நல்ல நேரம் பார்த்துச் சூளையைப் பற்ற வைப்பது இங்கே வழக்கம். தேங்காய் உடைத்தார்கள். திரையில் "சூடு ஏறுது." குணா அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே, ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து உரக்கப் படித்தார்: "முந்நூத்தி இருவது! சூடு ஏறுது!" அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அறுநூறு தாண்டியதும் நாசம். 620. 410. 655. 380. பைத்தியம் பிடித்த மாதிரி. பிறகு, "கேஸ் மூடியாச்சு."

முதலாளி வந்தார். திட்டவில்லை, அதுதான் மோசம். "ஓசியில வந்தது ஓசி வேலையத்தான் காட்டும். செவ்வாக்கிழம கம்பெனிகாரன வரச் சொல்றேன்."

குணா அண்ணன் என்னிடம் மெதுவாக: "வுடும்மா. எழுத்து தெரிஞ்சுதேன்னு ரெண்டு நாளா சந்தோசமா இருந்தேன். அது போதும்."

போதாது அண்ணே. பஸ் ஸ்டாண்ட் வரை அழுதுகொண்டே ஸ்கூட்டி ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

அக். 3, வெள்ளி

சூளை திறந்தார்கள். அகல்கள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் தூள். மேற்பூச்சு உருகவே இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

நிரலை வரி வரியாகப் படித்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாடு ஒன்றுதான் தானே வாயைத் திறந்து காட்டுகிறது. அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம். எல்லாப் பல்லையும் பார்த்துவிட்டேன். ஒரு பல்லும் ஆடவில்லை. அப்படியென்றால் நான் சேர்த்த தமிழில் கோளாறா? அதையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்படியேதான் குதிக்கிறது.

நிரலுக்கான இணையக் குழுவில் எழுதிப் போட்டேன். ஆங்கிலம் தடுமாற்றம்தான், விஷயம் புரிந்தால் சரி.

மாமி: "சோத்தத் தின்னுட்டு அப்புறம் கம்ப்யூட்டரத் தட்டு." சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

அக். 5, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

காலையில் குழுவிலிருந்து பதில். அந்த நிரலை எழுதினவரே. மண் கோப்பை செய்து விற்கிறாராம். திட்டவில்லை, கட்டணம் கேட்கவில்லை, 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது' என்று இழுத்தடிக்கவில்லை. ஒரே வரி: சூளைக்குள்ளிருந்து வருகிற கம்பி போர்டில் சேரும் இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஞாயிறு, ஷெட் இன்று பூட்டு. கையில் இருப்பது ஆயுத பூஜை போட்டோ ஒன்றுதான். சரி, அதையே அனுப்பலாம் என்று பெரிதாக்கினேன்.

கம்பி இரண்டையும் திருகியிருக்கும் இடம். மிகச் சரியாக அந்த இடத்தில். அப்பியிருக்கிறது சந்தனம். கொழகொழவென்று, இரண்டு திருகையும் சேர்த்து மூடி. குங்குமம் வேறு. கம்பியில் வருவது துளியூண்டு மின்சாரம், ஈரச் சந்தனம் நடுவில் உட்கார்ந்து, சூளைச் சூட்டில் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தால் அது எப்படி ஒழுங்காகப் போய்ச் சேரும்?

வைத்தது குணா அண்ணன். வைக்கச் சொன்னது யார்? நான்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சூட்டுக்கம்பி சேரும் இடம் நன்றாக மேடாக, கையில் பதமாக இருக்கிறது, பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் அந்தப் பெட்டியில் இல்லை. அவரைக் குற்றம் சொல்லவே முடியாது. மூடி இருந்திருந்தால் மூடிமேல் வைத்திருப்பார்.

அந்தக் கோப்பைக்காரருக்கு இதை விளக்க நான் பட்ட பாடு! சந்தனம் என்றால் ஒரு மரம், அதை அரைத்து, வருஷத்துக்கு ஒரு நாள் கருவிகளுக்கு மரியாதை செய்ய... அவர் பதில்: "இத்தனை வருஷத்தில் என் நிரலுக்கு யாரும் இவ்வளவு மரியாதை செய்ததில்லை. அடுத்த முறை மூடியின் மேல்."

அன்வருக்கு வீடியோ கால். தமாமில் ஏ.சி. மெக்கானிக், கம்பி வேலை தெரிந்தவர். "நானும்தானே அந்தப் படத்தப் பாத்தேன்! பெருசாக்கிப் பாக்கலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

அக். 6, திங்கள்

வாசலில் முதலாளி வண்டி நிற்பதற்குள் உள்ளே போய், ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்தேன். இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. ஆடாமல் நிற்கிறது எண். ஷெட்டின் சூடு அதுதான்.

குணா அண்ணனிடம் முதலில் சொன்னேன். கையை நீட்டித் தன் விரலையே பார்த்தார். "அடப் பாவமே, நானா!"

"நான் சொல்லித்தானே வச்சீங்க."

முதலாளியிடம் போட்டோவைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்ப சாமி குத்தமா?"

"சாமி குத்தமும் இல்ல, சாஃப்ட்வேர் குத்தமும் இல்ல சார். நான் மூடி வாங்காத குத்தம்." பிறகு அடக்க முடியாமல் இதையும் சொன்னேன்: "பழைய சாஃப்ட்வேரா இருந்தா அந்த 380-ஐ நம்பிக் கேஸத் தொறந்து வுட்டுகிட்டே இருந்திருக்கும் சார். இது சந்தேகம் வந்ததும் மூடிக்கிச்சு. அகலு வேவலதான். ஆனா கெட்டுப் போவல."

வேகாததைத் திரும்ப வேக வைக்கலாம். வெந்து உருகி ஒட்டிக்கொண்டதைத்தான் சம்மட்டியால் உடைக்க வேண்டும். இது முதலாளிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூக்கைத் தடவினார். "ஏத்துங்க, திரும்ப" என்றார். கம்பெனிக்காரர் நாளைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

மூடி வாங்கியாச்சு.

அக். 7, செவ்வாய்

மேகம். நல்ல நேரம் பார்க்கவில்லை, தேங்காயும் இல்லை. காலையிலேயே பற்ற வைத்தார்கள். அறுநூறு வரும்போது திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். 610. 618. 627. போய்க்கொண்டே இருந்தது.

கம்பெனிக்காரர் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். நல்ல பையன்தான், பாவம். லேப்டாப் திறந்ததும் அப்டேட் ஓட ஆரம்பித்தது. சுற்றுகிறது, சுற்றுகிறது. டீ வந்தது, குடித்தார், இன்னும் சுற்றுகிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம்.

ஒருவழியாக சாஃப்ட்வேர் திறந்ததும் முதலாளி கேட்டது ஒரே கேள்வி. "தமிழ்ல வருமா?"

"இல்லீங்க சார். அடுத்த வெர்ஷன்ல கேட்டுப் பாக்கலாம்."

"எழுத்து பெருசாவுமா?"

"அது கம்பெனிதான் சார் பண்ணணும்."

பின்னால் நாற்காலியிலிருந்து குணா அண்ணன் குரல்: "எழுநூத்தி தொண்ணூறு. சூடு ஏறுது." பையன் திரும்பித் திரையைப் பார்த்தார், டிபன் பாக்ஸைப் பார்த்தார். "இது எந்தக் கம்பெனிங்க மேடம்?" என்றார். "எல்லாருடையதும்தான் தம்பி" என்றேன். வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று நிரலின் இணைய முகவரியும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக். 8, புதன்

மழை. கடைசியில் வந்தேவிட்டது. சூளை ஆறிக்கொண்டிருக்கிறது. திறக்கக் கூடாது, அவசரப்பட்டால் விரிசல். ஆபீஸில் பில் அடித்தேன், ஒன்றும் ஓடவில்லை. மாமிக்கு மாத்திரை வாங்க மறந்து, திரும்ப ஜங்ஷன் வரை போய், நனைந்து வந்தேன்.

அக். 9, வியாழன்

திறந்தார்கள்.

பளபளவென்று. அத்தனையும். தேன் நிறம், பச்சை, நீலம். கையில் எடுத்தால் இன்னும் வெதுவெதுப்பு. ஒன்றைச் சுண்டிப் பார்த்தேன், ணங் என்றது. உட்கார இடம் இல்லாமல் அகல் தட்டுகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டி எல்லாம் களிமண்.

முதலாளி அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டார். "வேணாம்பா. நம்ம ஆளுங்களே பாத்துக்கறாங்க." நம்ம ஆளுங்க! போனை வைத்த பிறகு என்னிடம், "அந்த வெளிநாட்டுக்காரருக்கு ரெண்டு அகல் அனுப்ப முடியுமா?" என்றார். உடையாமல் போகுமா என்று பார்க்க வேண்டும்.

குணா அண்ணனைக் கேட்டுக்கு அனுப்புகிற பேச்சே எழவில்லை. அவர் நேராகப் போய்ப் பெட்டியின் மூடியைத் துண்டால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

தமிழ்ச் சொற்களைக் குழுவுக்கு அனுப்பினேன். கோப்பைக்காரர் சேர்த்துவிட்டார். இனி உலகத்தில் எவர் அந்த நிரலை இறக்கினாலும் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும்.

அக். 10, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. அடுத்த லோடு. என்னைக் கூப்பிடவே இல்லை, அவர்களே பற்ற வைத்துவிட்டார்கள். வீட்டில் மீன் குழம்பு.

சாப்பிட உட்கார்ந்ததும் போன். குணா அண்ணன். அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. குழம்புக் கையோடு எடுத்தேன்.

"என்னாண்ணே? குதிக்கிதா?"

"இல்லம்மா. நானூத்தி அம்பது. சூடு ஏறுது."

"சரிண்ணே. அப்புறம்?"

"அவ்ளோதாம்மா. கண்ணாடி போடாமப் படிச்சேன், அதான்."