பிரூனோவுக்குப் பின் பிறந்தவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரான்ஸ் தூலோனிலிருந்து ரஃபாயேல் கும்பிட்டு எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நலம். போன வாரம் வேலையிடத்துப் படியில் வழுக்கி விழுந்ததில் காலில் சின்னக் கட்டு, அவ்வளவுதான்.

கட்டுப் போட்ட நர்ஸ், நம் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒன்பது என்றதும் வாயைப் பிளந்தாள். நீங்கள் எங்களைப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போய், எனக்கு மூத்த பிரூனோவை மட்டும் ஸ்டுடியோவில் விட்டுவிட்டுச் சாரம் வீட்டுக்குத் திரும்பிய கதையைச் சொன்னேன். "எட்டுதான்டா இருக்கு, எவன் கொறையிறான்?" என்று வாசலில் நின்று எங்கள் தலைகளை எண்ணினீர்களே! அவன் அங்கே திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அந்த அண்ணன் இப்போது என்ன செய்கிறார்?" என்றாள்.

சேதராப்பட்டில் வேலை பார்க்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவனைப் புதைத்து நாற்பது நாள் ஆகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. லீவு கிடைக்காமல், ஒரு பிடி மண் போடக்கூட நான் வரவில்லையே, அம்மா.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது அவனுடைய நீலச் சட்டையையும் வையுங்கள். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நம் வீட்டில் மூத்தவன் சட்டை அடுத்தவனுக்குத்தானே வரும்? அவனுக்கு அடுத்தவன் நான்தான்.

பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

ரஃபாயேல்