பிளக்கைப் பிடுங்கியது நான்தான், மணி

என் தங்கமே மணி,

நீ போய் இருபத்தைந்து நாள் ஆகிறது. இங்கே மழை விட்டபாடில்லை. மேற்கு மாம்பலத்தில் மழை என்றால் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தெருவில் முழங்கால் தண்ணீர், கீழ்வீட்டுக்காரர் பைக்கைப் படிக்கட்டில் ஏற்றி வைத்திருக்கிறார். நன்றாக இருக்கிறேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அழுது தீர்ப்பதற்காகவும் எழுதவில்லை. உன் அக்கா ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டாள். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

காரியம் முடிந்த மறுநாள் உன் அறையைச் சுத்தம் செய்தேன். உன் ஆபீசில் இருந்து வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு கம்ப்யூட்டர் சங்கதி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி முணுமுணுத்துக்கொண்டு இருந்தது. பிறந்ததில் இருந்து பார்வை இல்லாத உனக்கு மானிட்டர் எதற்கு? நீ வாங்கவே இல்லை. ஆனால் திரை இல்லாத ஒன்றைக் கம்ப்யூட்டர் என்று இந்தக் கண் இருக்கிற கழுதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? பழைய ஸ்டெபிலைசர், வீணாகக் கரண்ட் தின்கிறது என்று பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்தில் இருந்த யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியது. "சும்மா கெட" என்று அதட்டி அதையும் அணைத்தேன். பிறகு ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தும் வைத்தேன்.

மூன்று நாள் கழித்து, மத்தியானம் தட்டைக் கழுவிக்கொண்டு இருந்தபோது போன் வந்தது. ராயப்பேட்டையில் இருந்து ஷமீம் என்று ஒரு பெண்.

"அக்கா, மணி அண்ணா இருக்காரா? ரொம்ப நாளா பதிலே இல்ல. எப்பவும் போல கதவ சாத்திக்கினு புரோகிராம் எழுதிக்கினு இருப்பார்னு விட்டுட்டோம். ஆனா மூணு நாளா சர்வரே இல்லக்கா."

நான் சொன்னேன். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று. "யா அல்லா" என்றாள். போனிலேயே அழுதாள்.

பிறகுதான் கேட்டேன், சர்வர் என்றால் என்னம்மா என்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "நாங்க எழுதிப் பேசிக்கிற எடம்க்கா, பெரிய கம்பெனிக்காரங்க நடத்துறது மாதிரி இல்ல. ஓனர்னு ஒருத்தர் கெடையாது. உலகம் பூரா ஆளாளுக்கு ஒரு வீடு கட்டிக்கினு, வீட்டுக்கு வீடு பேசிக்கிறோம். எங்களுக்குக் கண்ணு தெரியாது. மத்த எடத்துல எதத் தொட்டாலும், படிச்சுக் காட்டுற குரல் பட்டன், பட்டன்னு மட்டும் சொல்லும், இன்னா பட்டன்னு சொல்லாது. அண்ணாதான் எங்களுக்குன்னு ஒரு வீடு கட்டிக் குடுத்தாரு. இருநூறு பேருக்கு மேல கீறோம். அந்த வீடு உங்க அலமாரி மேலதான் இருக்குன்னு சொல்வாரு."

மணி, கேட்டாயா? இருநூறு பேர் குடியிருக்கும் வீட்டை நான் ஸ்டெபிலைசர் என்று பிடுங்கிப்போட்டிருக்கிறேன். அதைத் துடைத்து வேறு வைத்திருக்கிறேன்!

உடனே பிளக்கைச் சொருகினேன். பெட்டி உறுமியது, ஒரு பீப் அடித்தது, அப்படியே நின்றுவிட்டது. ஒரு தடவை அணைந்தால் சாவிச்சொல் கொடுத்தால்தான் திறக்குமாம். அது கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும், எட்டு வருஷப் பேச்சும், போனது போனதுதானாம். "சாவி ஒரே ஆள் கையில இருக்கக் கூடாதுன்னு அண்ணா ரெண்டா உடைச்சிட்டாரு. பாதி என்கிட்ட கீது. மீதி அக்காகிட்டன்னாரு."

என்னிடமா? அப்புறம்தான் நினைவு வந்தது, ஒருநாள் நீ ஒரு தடித்த அட்டையைக் கொடுத்துப் பத்திரமாக வை என்றாயே. பீரோவைக் குடைந்ததில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. வெள்ளை அட்டையில் வெள்ளைப் புள்ளிகள். எனக்குப் பிரெய்ல் தெரியாது. தெரிந்தவளோ ராயப்பேட்டையில். நடுவில் முழுக்கத் தண்ணீர்.

"பரவால்லக்கா, புள்ளி எங்கெங்க இருக்குன்னு சொல்லுங்க. நான் படிக்கிறேன்."

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து, "இன்னாக்கா, ஒண்ணுமே சேர மாட்டேங்குது. தடவிப் பாருங்க, மேடா இருக்கா, குழியா?" என்றாள். குழிதான். "அய்யோ, திருப்புங்கக்கா!" என்று அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நீ போன பிறகு முதல் தடவையாக.

"இடது பக்கம் நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு. வலது பக்கம் மேல ஒண்ணு."

"எஸ்."

"மேல இடது பக்கம் ஒண்ணே ஒண்ணு. அடுத்ததும் அதேதான்."

"ஏ. இன்னொரு ஏ."

இப்படியே எழுத்தெழுத்தாக அவள் சொல்ல, நான் காலண்டர் தாளில் எழுதினேன். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்தில், "சாப்ட்டியாடா மணி."

டேய். தினமும் காலையில் உன் கதவைத் தட்டி நான் கத்துவதடா அது. அதையா சாவியாக வைப்பாய்? இந்தத் தெருவுக்கே தெரியுமே! அதைத்தான் ஷமீமிடமும் சொன்னேன். "பாதிதானே அக்கா" என்றாள். உன் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

பிறகு பெட்டிக்குப் பின்னால் கிடந்த கீபோர்டை எடுத்து, அவள் பாதியை அவள் சொல்லச் சொல்ல, என் பாதியையும் சேர்த்து டைப் அடித்தேன். "எழுத்த பார்த்துத் தேடுறீங்க இல்ல? அதான் லேட்டு" என்று அவள் கிண்டல் வேறு. கடைசியாக என்டரைத் தட்டியதும் ஸ்பீக்கரில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம். கெட்டுவிட்டது என்று பதறினேன். "கெடலக்கா, எழுத்தெல்லாம் படிச்சுச் சொல்லுது. அண்ணன் ஸ்பீடு அது. போன பக்கத்துல வைங்க." வைத்தேன். எனக்குப் பொரிந்த அந்தச் சத்தத்தில் அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டிருக்கிறது! எந்தக் கீயைத் தட்ட வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். பக்கத்து அறையில் இத்தனை வருஷம் இருந்தும், நீ இந்த வேகத்தில் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாதே, மணி.

வீடு திறந்தது. திறந்ததும் கடிதங்கள் வந்து கொட்டின. மற்ற ஊர் வீடுகள் மூன்று நாளாக நம் கதவைத் தட்டி, யாரும் இல்லை என்று திரும்பிப் போய், மறுபடியும் மறுபடியும் வந்து தட்டியிருக்கின்றன. யாரும் சொல்லி அல்ல, அதுதான் அவற்றின் வழக்கமாம். குரலை என் வேகத்துக்குக் குறைத்து ஷமீம் கேட்க வைத்தாள். சேலத்தில் ஒருவர், நீ டிக்கெட் புரோகிராமைத் திருத்திக் கொடுத்ததில் இருந்து மகளைக் கூப்பிடாமல் தானே டிக்கெட் எடுப்பதாக எழுதியிருந்தார். பிரேசிலில் ஒரு பெண், பெயரில்லாத பட்டனுக்கெல்லாம் நீ பெயர் வைத்ததற்கு நன்றி சொல்லியிருந்தாள். அந்த ஊரில் மணி என்பதை எப்படிச் சொல்வார்களோ! "சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன்டா முதுகை ஒடிச்சிக்கிற?" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். "போக்கா, உனக்குப் புரியாது" என்பாய். நிஜமாகவே புரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரமித்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் சொல்லட்டாக்கா எல்லாருக்கும்?" என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். மணி இறந்துபோனான், வீட்டை அணைத்தது அவன் அக்கா, தெரியாமல் செய்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். என்னை நம்ப முடியாதவர்கள் தங்கள் சிநேகிதர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகலாம், அது மணி வைத்த வழி என்றும் எழுதினேன். ஒன்பது பேர் போனார்கள். மறுநாள் பார்த்தால், அந்த ஒன்பது பேரும் எழுதுவது இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. போனவர்களோடும் பேசலாம் என்றா கட்டினாய், கள்ளப்பயலே?

உன் கணக்கை என்ன செய்வது என்று ஷமீம் கேட்டாள். மூட வேண்டாம் என்றேன். நேற்று யாருக்கும் சொல்லாமல் உன் பெயருக்கு ஒரு வரி அனுப்பிப் பார்த்தேன். "எங்கடா இருக்க?" அவ்வளவுதான். ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். பெட்டி எனக்காக நிதானமாகச் சொன்னது: "போய்ச் சேர்ந்துவிட்டது." இன்னொரு தடவை சொல்ல வைத்துக் கேட்டேன்.

நான் உள்ளவரை அந்தப் பெட்டி அணையாது, மணி. தினமும் அந்தக் குரலை ஒரு படி வேகமாக வைத்துக் கேட்டுப் பழகுகிறேன். பாதி புரியாமல் போகிறது, போகட்டும். நீ கேட்ட வேகத்தில் ஒருநாள் நானும் கேட்பேன், சத்தியம்.

இந்தக் கடிதத்தையும் உன் பெயருக்கே அனுப்பும்,
உன் அக்கா கோமதி