கருவாட்டுக் கடைத் தாழ்வாரத்தில் ஒரே வரிசை

அன்பு மகள் தென்னேவுக்கு,

போன சந்தையன்று நம்ம கருவாட்டுக் கடைத் தாழ்வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தட்டம்மை ஊசி போட்டு முடித்தார்கள். நாங்கள் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வந்தால் முரண்டு பிடிக்கிறது. லைபீரியாவின் அந்தக் கடைக்கோடியில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு அலைகிற நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமலிருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கெனெமா டவுனிலிருந்து வந்த ஊசிக் குழுவினர் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் தகராறு வருமென்று பயந்து இரண்டு இடம் பார்த்திருந்தார்கள், சண்டைக் காலத்தில் துப்பாக்கி தூக்கிக் காட்டிலிருந்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஆற்றங்கரை, மற்றவர்களுக்கு என் தாழ்வாரம். அங்கேயும் இப்படிப் பிரித்ததும் ஒதுக்கின பக்கத்தில் ஒரு தாயும் வரவில்லை, நீ மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்று ஒன்றாக்கினாய் என்று எழுதியிருந்தாயே, அதையே சொன்னேன். ஒரே வரிசையென்றால் தாழ்வாரம் உங்களுக்கு, இல்லையென்றால் எனக்குக் கருவாடு காயப்போட இடம் வேண்டும் என்றேன். குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டு, உங்கள் மகளும் இப்படித்தான் பேரம் பேசுவாளா என்றார். என்னைவிட மோசம் என்றேன், சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஒரே வரிசைக்கு ஒத்துவராதது ஜெபேதான். அவள் அண்ணனைக் கொண்டுபோன கூட்டத்தில் மஸ்ஸாவின் புருஷனும் இருந்தான், ஊரறியும். வரிசையில் மஸ்ஸாவைப் பார்த்ததும் ஜெபே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பக்கத்து ஊரில் அம்மை கண்டு பிள்ளைகள் சாகிற நேரம், நான் விடவில்லை. உங்க ரெண்டு பேருக்கும் நான் கடையில ஒரே கோப்பையிலதானே அரிசியும் அளக்கறேன், அதுக்கு மட்டும் வர்றியே என்றேன்.

"அரிசின்னா களைஞ்சு ஆக்கிடலாம் யேமாக்கா. இதை எதுல களையுறது?"

கடைசியில் உன்னைத்தான் எடுத்துச் சொன்னேன்: "என் மக அப்பனைக் கொன்னவங்க எல்லை ஆத்துக்கு எந்தக் கரையிலேருந்து வந்தாங்க? அந்த லைபீரியாக் கரையிலதான் அவ இன்னைக்கு ஊசி போடுறா. யாரு பெத்த பிள்ளைன்னு கேட்டுக்கிட்டா போடுறா?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து வரிசையில் மஸ்ஸாவுக்குப் பின்னால் நின்றாள்.

கருவாடு லாரிக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன், கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, ஊருக்குச் சொல்லிவிட்டு நீ மறந்துவிடாதே. உன் கை பட்ட பிள்ளைகளெல்லாம் பிழைத்துக் கிடக்கட்டும்.

ஜெபேயிடம் பேசி முடித்தது இது: அடுத்த ஊசிக்கும் வருவாள், மஸ்ஸாவுக்குப் பின்னாலேயே நிற்பாள், ஆனால் மஸ்ஸாவுக்கு முகமன் சொல்லும்படி அவளை யாரும் கேட்கக் கூடாது. சரி என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா யேமா