வாசலில் படிந்த மண்

தம்பிக்கு,

அப்பா என்னோடு நலமாக இருக்கிறார். "அவன் தினமும் வந்தான்டா" என்று உன்னைப் பற்றி இன்று காலையும் சொன்னார். தொலைபேசியில் நீ சொன்னதும் அதுவேதான்.

கல்லூரியில் மண்ணடுக்குகளைப் பாடமாக நடத்துபவன் நான். தனியாக இருந்த அவரை அந்த வீட்டிலிருந்து அழைத்துவரப் போன அன்று, வாசலில் கால் வைக்குமுன்பே என் கண் தரைக்குப் போய்விட்டது. கேட்டிலிருந்து கதவு வரை அருமையான பாடம். அடியில், பெருமழையின்போது தெருநீர் கொண்டுவந்து விட்ட வண்டல், காய்ந்து பாளம்பாளமாக வெடித்திருந்தது. அதன்மேல் சிற்றலைகளாக மணல். நீர் செய்த அலையானால் பருத்த மணல்மணிகள் பெரும்பாலும் பள்ளத்தில் தங்கும். இங்கே முகட்டில் இருந்தன. ஆகவே அது காற்றின் வேலை.

வண்டல் ஈரமாக இருந்தபோது ஒருவர் நடந்திருக்கிறார். பிறகு மணல்மேலும் அவரே நடந்திருக்கிறார். இடக்கால் இழுபடுகிறது; பக்கத்தில் கைத்தடியின் குழி. எல்லாத் தடங்களும் கதவிலிருந்து கேட் வரை வந்து திரும்புகின்றன. தெருவிலிருந்து உள்ளே வந்த தடம் எந்த அடுக்கிலும் இல்லை.

"பின்பக்கமா வந்திருப்பான்டா" என்றார் அப்பா. அது பக்கத்து வீட்டம்மா அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் வழி. அந்த அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க இப்போ" என்று பேச்சை மாற்றினார்.

வீட்டின் இன்னொரு சாவி உன்னிடம் இருக்கிறது. அடுத்த மழைக்குள் ஒருமுறை போய்ப் பார். கேட்டை ஒட்டி, அவர் வந்து வந்து நின்ற இடம் மட்டும் அமுங்கித் தெரியும். நான் ஓரமாகவே நடந்தேன். நீயும் அதை மிதித்துவிடாதே.

உன் அண்ணன்